வீடு வேணும்னு தூக்குன கை

மேடையில எவனாவது "எல்லாரும் கையைத் தூக்குங்க"ன்னு சொன்னா, நிருபர் வேலைக்குப் புதுசா வந்த பிள்ளைங்களா, நீங்க உடனே கேமராவைத் தூக்காதீங்க. மொதல்ல காதைத் தீட்டிக்கிட்டு, அவன் என்ன கேட்டான்னு கவனிங்க. தூக்குறவங்க எதை நெனச்சுத் தூக்குறாங்கன்னு பாருங்க. அது தெரியாம எடுக்கிற படம் செய்தியே இல்ல. அது ஏழை வயித்துல அடிக்கிற வேலை.

நான் மலாக்காவுல ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு நிருபரா இருந்து ரிட்டையர் ஆனவ. கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி ஓட்டப்பந்தயம், நெடுஞ்சாலை விபத்து, கட்சிக் கூட்டம், எல்லாத்துக்கும் நான் ஒருத்திதான். எழுதுறதும் நான், படம் எடுக்கிறதும் நான், காரை ஓட்டிக்கிட்டுப் போறதும் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்னு ஊருக்கே தெரியும். அந்த வாயாலதான் நான் இந்த வேலையில நிலைச்சு நின்னேன், அதுல எனக்கு வெக்கமும் இல்ல.

போன வாரம் உங்கள்ல ஒரு பொண்ணு எங்கிட்ட கேட்டா. "அக்கா, ஒரு கட்சி ரெண்டா உடையுதுன்னா நாம எந்தப் பக்கம் லா நிக்கிறது?" அன்னைக்கு நான் பதில் சொல்லல. தே தாரிக் டீயைக் குடிச்சிட்டு எழுந்து வந்துட்டேன். பேச ஆரம்பிச்சிருந்தா மாமாக் டீக்கடையே திரும்பிப் பாக்குற மாதிரி கத்தியிருப்பேன். இப்ப எழுதுறேன். இப்பவும் கோவம் போகல, அதனால நடுவுல எங்கயாவது திட்டிட்டேன்னா பொறுத்துக்கங்க.

மாநிலத்துல ஆட்சியில இருந்த கட்சி அது. பேரு வேணாம், பேரு சொன்னா நீங்க பேரைப் பிடிச்சுக்கிட்டு விஷயத்தை விட்டுடுவீங்க. அதுல மாநிலத் தலைவர் ஒருத்தர், துணைத் தலைவர் ஒருத்தர். துணைத் தலைவர் அரசாங்கப் பட்டம் வாங்குனவர், எல்லாரும் டத்தோன்னு கூப்பிடுவாங்க, நானும் அப்படியே சொல்றேன். டத்தோவுக்குத் தேர்தல்ல நிக்க ஒரு தொகுதி வேணும். தலைவர் குடுக்கல. அவ்வளவுதான் சண்டை. இதுக்கு மேல ஒரு மண்ணும் கிடையாது.

ஆனா டத்தோ வெளிய வந்து பேசுனப்ப தொகுதின்னு ஒரு வார்த்தை வரலயே! தன்மானம்னார். கொள்கைன்னார். தோட்டத்து மக்கள் புறக்கணிக்கப்பட்டாங்கன்னார். எத்தனையோ வருஷமா அவர் பேசுறதை நான் எழுதியிருக்கேன், கொள்கைன்னு அவர் வாயில வந்து நான் கேட்டதே இல்ல. தொகுதி கிடைக்காத மறுநாள் காலையில கொள்கை வந்திருச்சு, தன்மானம் வந்திருச்சு, தோட்டத்து மக்கள் மேல பாசமும் பொங்கிருச்சு.

ஒன்னு தெரிஞ்சுக்கங்க. கட்சியை உடைச்சுக்கிட்டுப் போறவனுக்கு மொதல்ல வேண்டியது தலைங்க. என் பின்னாடி இத்தனை பேர் இருக்காங்கன்னு அவன் மேலிடத்துக்குக் காட்டணும். அப்பத்தான் பேரம் பேச முடியும். தலைங்க எங்க கிடைக்கும்? டவுன்ல இருக்கிறவன் ஞாயித்துக்கிழமை காலையில பசார்ல மீன் வாங்கப் போயிடுவான், வரமாட்டான். தோட்டத்துக்கு ஒரு பஸ் அனுப்புனா போதும். ரொம்ப காலமா இதுதான் நடக்குது, நாமளும் பாத்துக்கிட்டு படம் எடுத்துக்கிட்டே இருந்தோம்.

டுரியான் துங்கால் பக்கத்துல ஒரு தோட்டம். ஒரு காலத்துல ரப்பர், அப்புறம் எண்ணெய் எடுக்கிற செம்பனை, அப்புறம் வித்துட்டாங்க. தொழிலாளிங்களுக்குக் கட்டுன பழைய லயத்து வீடுகள்ல கொஞ்சம் குடும்பங்க இன்னும் இருந்தாங்க. அவங்களுக்குன்னு ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரிசை வீடு கட்டி முடிச்சாச்சு. பெயின்ட் அடிச்சாச்சு, கரண்ட் குடுத்தாச்சு. சாவி மட்டும் குடுக்கல. மாநில அரசாங்கம் ஒரு நாள் பாத்து விழா வெச்சுக் குடுக்கணுமாம். விழா இல்லாம சாவியைக் கையில குடுத்தா சாவி கதவைத் திறக்காது போல! அதுக்காகவே வீடு பூட்டிக் கிடந்துச்சு, ஜனங்க எதிர்ப் பக்கம் ஒழுகுற கூரைக்குக் கீழ இருந்துக்கிட்டு தெனமும் அதைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

அந்த லயத்துலதான் லெட்சுமியக்கா இருந்தாங்க. பக்கத்துல இருக்கிற பல்கலைக்கழகத்துல கூட்டித் துடைக்கிற வேலை. வீட்டுக்காரர் முனியாண்டி அண்ணனுக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் விழுந்துபோச்சு. யாரோ புண்ணியவான் வீல்சேர் வாங்கிக் குடுத்தாங்க, ஆனா லயத்து வீட்டு வாசல்ல செங்குத்தா நாலஞ்சு படி. மனுஷன் வெளிய வரணும்னா ரெண்டு ஆம்பளைங்க தூக்கணும். பகல்ல லயத்துல ஆம்பளைங்க ஏது? அதனால அவர் மாசக்கணக்கா வெளிச்சமே பாக்கல. புது வீட்டு வாசல்ல படியே கிடையாது. அக்கா வேலைக்குப் போறப்ப தெனமும் அந்த வாசல்கிட்ட நின்னு பாத்துட்டுத்தான் போவாங்களாம். அவங்களுக்கு அந்தச் சாவின்னா வேற ஒன்னுமில்ல, புருஷனை வாசலுக்குக் கொண்டு வந்து வெயில்ல உக்கார வைக்கிறது.

இப்ப குணாவைப் பத்திச் சொல்லணும். சொல்றப்பவே பல்லைக் கடிக்கிறேன். குணா அதே லயத்துல பொறந்து வளந்தவன். அவங்கம்மா செத்தப்புறம் லெட்சுமியக்கா வீட்டுச் சோறு தின்னு வளந்தவன். அக்காவை அத்தைன்னுதான் கூப்பிடுவான். நல்லா மேடையில பேசுவான், கணீர்னு குரல். டத்தோகிட்ட உதவியாளா சேந்து, கூட்டம்னா மைக்கைப் பிடிக்கிறது அவன்தான். கட்சி உடைஞ்சதும் டத்தோவோட போயிட்டான்.

அந்தக் குணாதான் சனிக்கிழமை லயத்துக்குப் போய் ஒவ்வொரு வீடாச் சொல்லியிருக்கான். "நாளைக்குக் கிளேபாங் மண்டபத்துல கூட்டம். வீட்டு விஷயம் லா. குடும்பத்தோட வாங்க. பஸ் வரும், பிரியாணி இருக்கு." நம்ம புள்ள சொல்றான்னு ஜனங்க நம்புனாங்க. வெளியாள் சொல்லியிருந்தா நாலு கேள்வி கேட்டிருப்பாங்க. அது தெரிஞ்சுதான் டத்தோ அவனை அனுப்புனாரு. பஸ்ல ஏறுனதும் எல்லாருக்கும் ஒரே கலர்ல தொப்பி. "வெயில் லா, போட்டுக்கங்க"ன்னு குடுத்திருக்காங்க.

எனக்கு வந்த அழைப்புல டத்தோவோட ஆதரவுக் கூட்டம்னு இருந்துச்சு. நான் மண்டபத்துக்குப் போனப்ப ஜனங்க உக்காந்திருந்தாங்க. இடம் தேடி முன் வரிசையில ஓரமா உக்காந்தேன். பக்கத்துல லெட்சுமியக்கா. கோயில் திருவிழாவுல பாத்த பழக்கம். நல்ல சேலை கட்டி, பூ வெச்சு, அதுக்கு மேல அந்தத் தொப்பியைப் போட்டுக்கிட்டு இருந்தாங்க.

"தங்கச்சி, சாவியை இன்னைக்கே குடுத்துடுவாங்களா?"

எனக்குப் புரியல. "என்ன சாவிக்கா?"

"வீட்டுச் சாவி லா. அதுக்குத்தானே கூட்டம்? அவரைப் பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்ட பாத்துக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன். இன்னைக்கு டபுள் சம்பளம் லா, விட்டுட்டு வந்துட்டேன்."

பின்னாடி திரும்பி இன்னும் ரெண்டு பேரைக் கேட்டேன். "ஆமா நிருபரம்மா, வீட்டு மீட்டிங்." மண்டபத்துக் கடைசிச் சுவரைப் பாத்தேன். ஜனங்களுக்குப் பின்னாடி பெரிய பேனரு, அதுக்கு மேல மஞ்சத் துணி போட்டு மூடி வெச்சிருக்கு. ஏதோ கிம்மிக் வெச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுது. அதே நேரம் என் ஹேண்ட்ஃபோன்ல வாட்ஸ்அப்ல பத்திரிகைச் செய்தி வந்து விழுந்துச்சு. டத்தோ ஆபீஸ்ல இருந்து. 'தோட்டத்து மக்கள் ஒட்டுமொத்தமாகக் கைதூக்கி ஆதரவு, ஆளுங்கட்சியிலிருந்து விலகினர்'னு தலைப்போட. கூட்டமே இன்னும் ஆரம்பிக்கல பிள்ளைங்களா! தேவாரம்கூடப் பாடல. அதுக்குள்ள கை தூக்கியாச்சாம்!

டத்தோ பேசுனார். நீளமாப் பேசுனார். ஜனங்க சாவி வரும் சாவி வரும்னு பொறுமையா கேட்டுக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் குணா மைக்கைப் பிடிச்சான். "என் மக்களே! என்னை வளத்த சனங்களே! ஒரே ஒரு கேள்விதான். நமக்கு வீடு வேணுமா, வேணாமா?"

"வேணும்!"

"வீடு வேணுங்கிறவங்க எல்லாரும் கையைத் தூக்குங்க!"

மண்டபம் முழுக்கக் கை. லெட்சுமியக்கா ரெண்டு கையையும் தூக்குனாங்க. அந்த நொடி மஞ்சத் துணி கீழ விழுந்துச்சு. 'டத்தோவின் வழியே எங்கள் வழி'ன்னு ஆள் உசரத்துக்கு எழுத்து. மேடையில இருந்து அவங்க கேமராக்காரன் டக் டக்னு அடிச்சான். முன்னால தொப்பி, கை, முகம் பூரா சிரிப்பு, பின்னால பேனரு. டத்தோ ஆளுங்க இதை ஃபேஸ்புக்ல லைவ்வா வேற விட்டுக்கிட்டு இருந்தாங்க. எல்லா நிருபர்களும் எழுந்து ஓடுனாங்க. நான் உக்காந்த இடத்துல உக்காந்திருந்தேன். என் கேமரா மடியில இருந்துச்சு.

கூட்டம் முடிஞ்சதும் குணாவை மண்டபத்துக்குப் பின்னால பிரியாணி இறக்குற இடத்துல பிடிச்சேன்.

"என்ன தம்பி பண்ணி வெச்சிருக்க?"

"என்னக்கா? சூப்பரா வந்துச்சுல்ல?"

"அவங்க வீட்டுக்குக் கை தூக்குனாங்க. நீ அதைக் கட்சிக்குத் தூக்குனதா ஆக்கிட்ட."

"அதே தான்க்கா. டத்தோ வந்தாத்தான் வீடு வரும். கடைசியில எல்லாம் ஒன்னுதான்."

"அப்ப அதைச் சொல்லிக் கேக்க வேண்டியதுதானே? 'கட்சியை விட்டு வர்றீங்களா'ன்னு கேக்க வேண்டியதுதானே?"

அவன் சிரிச்சான். "அப்படிக் கேட்டா யாருக்கா தூக்குவா?"

எனக்கு வந்த கோவத்துக்கு அந்தப் பிரியாணிச் சட்டியைத் தூக்கி அவன் தலையில கவுத்திருப்பேன். "டேய், அந்த முன் வரிசையில உக்காந்திருந்தது உங்கத்தைடா. அந்தச் சோறு இன்னும் உன் உடம்புல இருக்குடா. நாளைக்கு அந்தத் தலைவர் ஆளுங்க படத்தைப் பாத்துட்டு வீடு இல்லன்னு சொன்னா, முனியாண்டி அண்ணனை நீ வந்து தூக்குவியா?"

அவன் முகம் கொஞ்சம் மாறுச்சு. ஆனா அதுக்குள்ள டத்தோ வந்துட்டார், கையில பொன்னாடையோட. நிருபருக்கெல்லாம் பொன்னாடையாம். நான் ரெண்டு அடி பின்னால போயிட்டேன். "வேணாம் டத்தோ. எங்க வீட்டுல போத்திக்கத் துணி இருக்கு." இதை எழுதி வெச்சுக்கங்க பிள்ளைங்களா. பொன்னாடையை ஒரு தடவை வாங்குனீங்கன்னா, அடுத்த தடவை அவர் சொல்ற தலைப்பையும் வாங்க வேண்டி வரும்.

காருக்குள்ள உக்காந்து கோலாலம்பூர்ல இருக்கிற எங்க தலைமை ஆபீசுக்கு ஃபோன் போட்டேன். எங்க செய்தி ஆசிரியர் சின்னப் பையன், நல்லவன்தான், ஆனா பயந்தாங்கொள்ளி. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவன் ஆரம்பிச்சுட்டான்.

"அக்கா, டத்தோ ஆபீஸ் படம் வந்திருச்சு. செம படம்! மொதப் பக்கம் போடுறோம். நீங்க அவங்க அனுப்புன செய்தியைக் கொஞ்சம் சரி பண்ணி அனுப்பிடுங்க."

"அது பொய்ப் படம்."

"எப்படிக்கா பொய்யாகும்? கை தூக்குறாங்களே, கண்ணால பாக்குறேனே."

"நீ கண்ணால பாக்குற. நான் காதால கேட்டேன். வீடு வேணுமான்னு கேட்டாங்க, தூக்குனாங்க. நீ போடு, உன்னை வேணாங்கல. ஆனா படத்துக்குக் கீழ 'வீடு வேண்டும் என்று கைதூக்கிய மக்கள்'னு போடு."

"அப்படிப் போட்டா டத்தோ கத்துவாருக்கா."

"பொய்யைப் போட்டா நான் கத்துவேன். எது உனக்குப் பெரிய சத்தம்னு நீயே யோசிச்சுக்க."

நான் என் செய்தியை அனுப்பிட்டேன். யாரையும் திட்டல, ஏமாத்துனாங்கன்னு ஒரு வார்த்தைகூட இல்ல. மேடையில கேட்ட கேள்வியை அப்படியே வெச்சேன், லெட்சுமியக்கா சாவி கேட்டதை அப்படியே வெச்சேன். கோவம் வந்தா கேக்குறப்பக் காட்டுங்க, எழுதுறப்ப இருந்ததை இருந்தபடி எழுதுங்க. மறுநாள் பாத்தா மொதப் பக்கத்துல படம் இல்ல. என் செய்தி உள்பக்கத்துல, ஒரு பல் டாக்டர் விளம்பரத்துக்குப் பக்கத்துல சின்னதா வந்திருந்துச்சு. சரி, பொய் வரலயே, அதுவே பெருசுன்னு நெனச்சேன்.

பெரிய முட்டாள்தனம். பத்திரிகையை யாரு லா படிக்கிறா? அந்தப் படம் கூட்டத்தன்னைக்குச் சாயங்காலமே எல்லார் ஹேண்ட்ஃபோன்லயும் சுத்துது. மத்த செய்தித் தளமெல்லாம் டத்தோ ஆபீஸ் அனுப்புனதை அப்படியே போட்டுட்டாங்க, புள்ளி கமாகூட மாத்தல. எல்லாத்துலயும் முன்னால லெட்சுமியக்கா, ரெண்டு கையும் மேல.

ரெண்டு மூணு நாள்ல அக்கா ஃபோன் பண்ணாங்க. பேச முடியாம மூச்சு வாங்குறாங்க. நான் காரை எடுத்துக்கிட்டு லயத்துக்கு ஓடுனேன். அன்னைக்கு நல்ல மழை. முனியாண்டி அண்ணன் கட்டில்ல, அவர் கால் மாட்டுல போர்வை மேலயே ஒரு பிளாஸ்டிக் பேசின், அதுல கூரைத் தண்ணி சொட்டிக்கிட்டு இருக்கு. மாநிலத் தலைவரோட ஆளுங்க காலையில வந்துட்டுப் போயிருக்காங்க. என்ன சொன்னாங்கன்னு அக்கா சொன்னாங்க.

"'நீங்கதான் டத்தோ பக்கம் போயிட்டீங்களே, அவரையே வீடு கட்டித் தரச் சொல்லுங்க'ன்னுட்டுப் போறாங்க தங்கச்சி. சாவி விழா இப்ப கிடையாதாம். ஆனா லயத்தை இடிக்கிறது மட்டும் சொன்ன தேதியிலயாம். அந்தா நிக்குது பாரு."

பாத்தேன். இடிக்கிற பேக்ஹோ மெஷின் ஒன்னு செம்பனை மரத்துக்குக் கீழ மழையில நின்னுக்கிட்டு இருந்துச்சு.

"நான் எந்தப் பக்கமும் போகலயே. வீடு வேணுமான்னு கேட்டான், ஆமான்னு கை தூக்குனேன். குணா கேட்டானேன்னு தூக்குனேன். அது தப்பா?"

"குணாகிட்ட பேசுனீங்களாக்கா?"

"எடுக்க மாட்டேங்குறான்."

கட்டில்ல இருந்து முனியாண்டி அண்ணன் ஏதோ சொன்னார். வாய் கோணிப்போனதால எனக்கு விளங்கல. அக்கா குனிஞ்சு கேட்டுட்டு நிமிர்ந்தாங்க. "குணாவைத் திட்டாதன்னு சொல்றாரு"ன்னாங்க. சொல்லிட்டு முந்தானையில மூஞ்சியை மூடிக்கிட்டு அழுதாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது. ரெண்டு பக்கத்து மேலயும் எரிஞ்சுது. ஒருத்தன் அவங்க கையைத் திருடிக்கிட்டுப் போனான். இன்னொருத்தன் கை தூக்குனதுக்காக வீட்டைப் பிடுங்குறான். இவனுங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எங்க பக்கம் எடுக்கிறது?

மாநிலத் தலைவர் மறுநாளே மலாக்கா டவுன்ல நிருபர் கூட்டம் போட்டார். ஹோட்டல் ஹால், ஏர்கோன், தின்ன கரிபாப். டிவிக்காரங்க வந்திருந்தாங்க. தலைவர் முகத்தைச் சோகமா வெச்சுக்கிட்டு, "நாங்க வருத்தப்படுறோம். ஆனா தோட்டத்து மக்கள் தெளிவா ஒரு முடிவு எடுத்துட்டாங்க. படமே சாட்சி"ன்னார். நிருபருங்க குனிஞ்சு எழுதிக்கிட்டாங்க. ஒருத்தன்கூட நிமிரல.

நான் எழுந்தேன். அந்தத் தலைவர் ஒரு ஃபோன் போட்டா என் வேலை போயிடும், அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

"தலைவரே, ஒரு சந்தேகம். அந்த மக்கள் என்ன கேள்விக்குக் கை தூக்குனாங்க?"

"அதான் எல்லாருக்கும் தெரியுமேம்மா. கட்சியை விட்டு விலகத் தூக்குனாங்க."

"நீங்க கேட்டீங்களா?"

"படம் இருக்கே."

"படத்துல சத்தம் வராது. டத்தோவோட ஃபேஸ்புக்ல முழுக் கூட்டமும் வீடியோவா கிடக்கு. இத்தனை நாளா அங்கதான் கிடக்கு. நீங்களும் பாக்கல, இங்க உக்காந்திருக்கிற யாரும் முழுசாப் பாக்கல. போடவா?"

அவர் வேணாம்னு சொல்றதுக்குள்ள, ஹேண்ட்ஃபோனை எடுத்து மேசை மேல இருந்த மைக்குகிட்ட வெச்சேன். ஹால் முழுக்கக் குணாவோட கணீர்க் குரல். 'வீடு வேணுங்கிறவங்க எல்லாரும் கையைத் தூக்குங்க!' அப்புறம் ஜனங்க சத்தம். கரிபாப் தின்னுக்கிட்டு இருந்தவன் வாய் அப்படியே நின்னுச்சு.

"வீடு வேணும்னு சொல்றது துரோகம்னா சொல்லுங்க தலைவரே, அப்படியே எழுதிக்கிறேன். துரோகம் இல்லன்னா, அவங்க சாவியை ஏன் நிறுத்துனீங்க?"

டிவி கேமரா மெல்ல அவர் பக்கம் திரும்புச்சு. தலைவர் தண்ணி குடிச்சார். பக்கத்துல இருந்தவர் காதுல ஏதோ ஓதுனார். அப்புறம் தலைவர், "வீட்டையும் அரசியலையும் நாங்க என்னைக்கும் சேக்க மாட்டோம்"னார். பச்சைப் பொய். ஆனா எனக்கு அந்தப் பொய் போதும்.

"அப்ப எப்ப குடுப்பீங்க?"

"கூடிய சீக்கிரம்."

"அது தேதி இல்லையே."

"மழைக்காலம் முடியறதுக்குள்ள."

"லயம்?"

"சாவி குடுக்கிற வரைக்கும் யாரும் தொடமாட்டாங்க. போதுமாம்மா?"

"போதும். எழுதிக்கிட்டேன்." சுத்திப் பாத்தேன். "நீங்களும் எழுதிக்கங்கப்பா"ன்னேன். இந்தத் தடவை எல்லாரும் எழுதுனாங்க.

வெளிய வந்ததும் ரெண்டு பக்கத்துல இருந்தும் ஃபோன். டத்தோ ஆள், "அக்கா, தலைவர்கிட்ட எவ்வளவு வாங்குனீங்க?"ன்னான். தலைவர் ஆள், "டத்தோ உங்களுக்கு என்ன பதவி தர்றேன்னாரு?"ன்னான். உங்களுக்கு இந்த மாதிரி ரெண்டு ஃபோனும் ஒரே நாள்ல வந்தா பயப்படாதீங்க. ஒரு பக்கத்துல இருந்து மட்டும் வந்தா உக்காந்து யோசிங்க.

அப்புறம் நடந்ததைக் கேட்டா உங்களுக்கு ரத்தம் கொதிக்கும். மழைக்காலம் முடியறதுக்கு முன்னாடியே டத்தோவும் தலைவரும் சேந்துட்டாங்க. செர்காம் பக்கம் ஒரு ஈக்கான் பாக்கார் கடையில ஒன்னா உக்காந்து சுட்ட மீனைப் பிச்சுத் தின்னாங்க, நான் நேர்ல போய்ப் பாத்தேன். டத்தோவுக்கு ஏதோ வாரியத்துல தலைவர் பதவி. தன்மானம் எங்க, கொள்கை எங்கன்னு கேட்டேன். "அதெல்லாம் குடும்பச் சண்டை லா"ன்னு சிரிச்சார். அந்தக் குடும்பச் சண்டையில ஒரு மனுஷன் போர்வை மேல பேசினை வெச்சுக்கிட்டுப் படுத்துக் கிடந்தாரே, அவர் எந்தக் குடும்பம்? அதையும் கேட்டேன். டத்தோ சாம்பால் சட்னியில மீனைத் தொட்டு வாயில போட்டுக்கிட்டார்.

சாவி குடுக்கிற விழா வந்துச்சு. புது வீடுகளுக்கு முன்னால கூடாரம் போட்டிருந்தாங்க. ஒரே சோஃபாவுல தலைவரும் டத்தோவும். மைக்ல யாருன்னு நெனைக்கிறீங்க? குணாவேதான்! அதே குரல், சட்டை மட்டும் பழைய கட்சிக் கலர். லெட்சுமியக்கா முன்னால நின்னாங்க, முனியாண்டி அண்ணன் வீல்சேர்ல. காலையில நாலு பேரைப் பிடிச்சு அவரை இறக்கியிருக்காங்க. வெயில்ல கண்ணைச் சுருக்கிக்கிட்டு, பூட்டுன வீட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தார்.

குணா பழக்க தோஷத்துல ஆரம்பிச்சான். "என் மக்களே! சாவி வாங்குறதுக்கு முன்னால ஒரே ஒரு கேள்வி. நம்ம தலைவருங்க ரெண்டு பேரும் ஒன்னு சேந்ததுல சந்தோஷப்படுறவங்க எல்லாரும் கையைத் தூக்குங்க!"

கேமராக்காரங்க எல்லாரும் ஜனங்க பக்கம் திரும்புனாங்க. நானும் திரும்புனேன்.

ஒரு கைகூட மேல போகல. குழந்தைங்ககூடத் தூக்கல, தூக்கப் போன ஒரு பொடியனோட கையை அவங்கம்மா பிடிச்சு இறக்கிட்டாங்க. குணா சிரிச்சுக்கிட்டே இன்னொரு தடவை கேட்டான். மூணாவது தடவை கேக்குறப்ப சிரிப்பு இல்ல. சோஃபாவுல ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.

"அத்தை... நீங்களாச்சும்..." மைக்லயே கேட்டுட்டான்.

லெட்சுமியக்கா வீல்சேரைத் தள்ளிக்கிட்டு மேடைக்குக் கிட்ட போனாங்க. பிரேக்கைப் போட்டாங்க. கையை எடுத்தாங்க. எல்லா கேமராவும் அது மேல போகும்னு மேல பாத்துச்சு. அது மேல போகல. நேரா குணாவுக்கு முன்னால நீண்டுச்சு, உள்ளங்கை விரிஞ்சபடி.

"சாவியை வெய்யி"ன்னாங்க.

குணா தலைவரைப் பாத்தான், டத்தோவைப் பாத்தான். மேசையில தாம்பாளத்துல இருந்த சாவியை எடுத்து அந்தக் கையில வெச்சான். நான் கேமராவைத் தூக்குனேன்.